ஆற்றங்கரையிலிருந்து வந்த ரொபஸ்டா

காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகளில் "பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி" என்று கேட்பவருக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ரொபஸ்டா வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பவர் குறைவு. டிக்காஷன் கெட்டியாக இறங்கவும், பால் ஊற்றிய பிறகும் நிறம் நிற்கவும் கடைக்காரரே கொஞ்சம் சேர்த்துவிடுவார். விலை கட்டுப்படியாக வேண்டும் என்பதால் ஓட்டல்காரர்கள் கூடுதலாகவே சேர்ப்பார்கள். இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழ 70 சதவீதம் ரொபஸ்டாதான். ஆனாலும் அது பேர் சொல்லிக் குடிக்கும் காப்பி ஆகவில்லை.

அதன் மேல் சொல்லப்படும் குற்றங்களில் உண்மை இல்லாமல் இல்லை. அரபிகா கொட்டையில் காஃபீன் 1.2 முதல் 1.5 சதவீதம். ரொபஸ்டாவில் அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. துவர்ப்பும் கசப்பும் தரும் குளோரோஜெனிக் அமிலங்களும் அதிகம். வறுக்கும்போது மணமாகவும் நிறமாகவும் மாறும் சர்க்கரை குறைவு. மணத்தைப் பிடித்துவைக்கும் கொழுப்பு அரபிகாவில் சராசரியாக 15 சதவீதம்; இதில் 10 சதவீதம் அளவில் நின்றுவிடும். செடியின் பக்கம் நின்று பார்த்தால் இதற்கு நியாயம் தெரியும். வெப்பமும் ஈரமும் மிகுந்த தாழ்நிலக் காட்டில் பூச்சிகள் ஓயாது. அங்கே வாழப் பழகிய செடி தனக்கென்று வைத்திருக்கும் நஞ்சு காஃபீன். நாம் அதன் ஆயுதத்தைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு, கசக்கிறது என்கிறோம்.

காடு என்பது இங்கே காங்கோ படுகை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து உகாண்டா வரை இந்தச் செடி இயற்கையாகப் பரவியிருக்கிறது. தாவரவியலார் 1897-ல் இதற்கு வைத்த பெயர் காஃபியா கனெஃபோரா. சில ஆண்டுகளுக்குள் பிரஸ்ஸல்ஸ் நகரத்து நாற்று வணிக நிறுவனம் ஒன்று அதையே ரொபஸ்டா என்ற பெயரில் விற்கத் தொடங்கியது; அந்த வியாபாரப் பெயரே நிலைத்தது. வாங்க ஆள் காத்திருந்தது ஜாவாவில். அதற்குக் காரணம் ஒரு பூசணம். 1869-ல் இலங்கையில் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தென்பட்ட இலைத்துரு நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தீவின் அரபிகா தோட்டங்களை அழித்தது. மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலார் 1880 முதல் இரண்டு ஆண்டு அங்கே தங்கி அந்தப் பூசணத்தின் வாழ்க்கை முறையை விளக்கினாரே தவிர, தோட்டங்களைக் காப்பாற்ற முடியவில்லை. மதுரை, திருநெல்வேலி, திருச்சி சீமைகளிலிருந்து காப்பி பறிக்கப் போயிருந்த தமிழர்களின் பிள்ளைகள் தேயிலை பறிப்பவர்களானது இப்படித்தான். துரு ஜாவாவுக்கும் பரவியது. துருவைத் தாங்கும் எந்தக் காப்பியானாலும் போதும் என்ற நிலையில் அங்கே போய் இறங்கியது ரொபஸ்டா. சுவை பார்த்து அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

இந்தியாவுக்கும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வந்தது. கர்நாடகத்தின் குடகிலும் கேரளத்தின் வயநாட்டிலும் நிலைத்தது. நம் பக்கம் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் பரவியது. பழைய ரொபஸ்டா செடிகளைப் 'பெரடெனியா' என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கண்டியை அடுத்த தாவரவியல் தோட்டத்தின் பெயர் அது.

இந்தச் செடியைத் திருத்தி நல்ல காப்பி ஆக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் போனால், முதலில் அதன் மணவாழ்க்கையைப் பேச வேண்டும். அரபிகாவின் செல்லில் 44 குரோமோசோம்கள். ரொபஸ்டாவில் 22. ரொபஸ்டாவும் யூஜெனியாய்டிஸ் என்ற இன்னொரு காட்டுக் காப்பியும் என்றோ கலந்து, இரண்டின் குரோமோசோம்களும் முழுதாக ஒரே செடியில் தங்கிப் பிறந்ததே அரபிகா. நாம் உயர்வாக நினைப்பது, நாம் மட்டமாக நினைப்பதன் பிள்ளை. ஆனால் குணத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அரபிகா பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். அதனால் நல்ல செடி ஒன்று கிடைத்தால் அதன் விதையிலிருந்து வரும் செடிகளும் பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும்.

ரொபஸ்டா அதற்கு ஒப்பாது. ஒவ்வொரு செடியிலும் தன்னை அடையாளம் காட்டும் ஒரு ஜீன் இரண்டு வடிவங்களில் இருக்கிறது; மகரந்தத் துகளில் அவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். சூல்முடியில் விழுந்த துகள் குழாய்விட்டுக் கீழே இறங்கும்போது, அந்தப் பூவுக்கும் துகளுக்கும் அடையாளம் ஒன்றாக இருந்தால் குழாயின் வளர்ச்சி வழியிலேயே நின்றுவிடும். தன் மகரந்தம் பயன்படாது. இரண்டு வடிவமும் ஒத்துப்போகிற பக்கத்துச் செடியின் மகரந்தமும் பயன்படாது. ஒன்று மட்டும் ஒத்தால் வந்த துகள்களில் பாதிக்கு வழி கிடைக்கும். முற்றிலும் வேறான செடி என்றால் எல்லாவற்றுக்கும் வழி திறந்திருக்கும். காட்டில் இது நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு விதையும் புதுச் சேர்க்கை. பயிர்ப்பெருக்கம் செய்பவருக்கோ தலைவலி. நல்ல ரொபஸ்டா செடி ஒன்றைக் கண்டுபிடித்து அதன் விதையை ஊன்றினால், முளைப்பது அந்தச் செடியாக இருக்காது.

அரபிகாவோடு கலந்து அதன் சுவையை ரொபஸ்டாவுக்குக் கொண்டுவரலாமே என்று தோன்றும். 44-லிருந்து 22, 22-லிருந்து 11, ஆகப் பிள்ளைக்கு 33 குரோமோசோம்கள். இந்த ஒற்றைப்படைக் கணக்கில் இனப்பெருக்கச் செல்கள் சரியாகப் பிரிவதில்லை. செடி செழித்து வளரும், காய்ப்பது அரிது. தைமூர் தீவில் தானாகவே நேர்ந்த ஒரு கலப்பு இதற்கு விதிவிலக்கு. அதிலிருந்து அரபிகாவுக்குத் துரு எதிர்ப்பு கிடைத்ததே ஒழிய, ரொபஸ்டாவுக்குச் சுவை கிடைக்கவில்லை. ஆகவே அதே 22 குரோமோசோம் வீட்டுக்குள்ளேயே நல்ல சம்பந்தம் தேட வேண்டியிருந்தது.

காங்கோ ஆற்றின் கரைகளிலும் அதன் பெரிய துணையாறான உபாங்கியின் கரைகளிலும், வெள்ளம் வந்து வேரை நனைத்துப் போகும் இடங்களில் காங்கென்சிஸ் என்ற காப்பி வளர்கிறது. சிறிய புதர். இலை நீண்டு குறுகியது. காஃபீன் ரொபஸ்டாவைவிடக் குறைவு. கொட்டையின் சுவை மென்மையானது. ரொபஸ்டாவோடு எளிதில் கலக்கும், கலப்புப் பிள்ளைகளும் வளமாகக் காய்க்கும். ஜாவாவில் இரண்டையும் அருகருகே வைத்தபோது தானாகவே கலப்பினங்கள் தோன்றின. 'காங்குஸ்டா' என்று அவற்றுக்குப் பெயர். இந்தியாவில் இதைத் திட்டமிட்டுச் செய்த இடம் சிக்மகளூர் மாவட்டத்துப் பாலேஹொன்னூர். மைசூர் சமஸ்தானத்தின் வேளாண் இயக்குநராக இருந்த கனடாக்காரர் லெஸ்லி கோல்மன் காலத்தில், 1925-ல் அங்கே தொடங்கிய காப்பி ஆய்வுப் பண்ணை பின்னர் காப்பி வாரியத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. காங்கென்சிஸையும் ரொபஸ்டாவையும் கலந்து, பிறந்த கலப்பினத்தை மீண்டும் ரொபஸ்டாவோடு சேர்த்து, அதில் தேறியவற்றைத் தங்களுக்குள் கலக்கவிட்டு அந்த நிலையம் தோட்டங்களுக்குக் கொடுத்த வகையின் பெயர் சி×ஆர். காங்கென்சிஸ், ரொபஸ்டா இரண்டின் முதலெழுத்துகள். நடுவில் கலப்புக் குறி.

மறுபடியும் ஏன் ரொபஸ்டாவோடு சேர்த்தார்கள்? ஆற்றங்கரைச் செடியின் மென்மை வேண்டும், ஆனால் அதன் புதர்க் குணம் முழுதாக வேண்டாம்; நான்கு மாத வறட்சியும் தோட்டக்காரரின் விளைச்சல் கணக்கும் ஒருசேரத் தாங்க வேண்டும். சி×ஆர் செடியைப் பழைய ரொபஸ்டாவின் பக்கத்தில் நிறுத்தினால் கலப்பு கண்ணுக்கே தெரியும். பெரடெனியாவும், அதே நிலையம் முன்னர் தேர்ந்தெடுத்துத் தந்த எஸ்.274-ம் அகலமான இலையோடு கிளைகளை வீசி மரமாகப் போகிறவை. சி×ஆர் அடக்கமானது, இலை ஒடுக்கம். பழைய ரொபஸ்டாவுக்குப் பத்தடிக்குப் பத்தடி விட்டால் ஏக்கருக்கு 435 செடிகள்; இதற்கு எட்டடி போதும் என்பதால் 680 வரை நடலாம். கொட்டை பருமன். தரம் பிரிக்கும் சல்லடையில் மேலே தங்கும் ஏபி ரகத்தின் பங்கு கூடுகிறது. கோப்பையிலோ ரொபஸ்டாவின் கனம் இருக்கும், முரட்டுத்தனம் குறைந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ரகம்' என்று நாம் சொல்லும்போது நெல்லில் ஐ.ஆர்.20 போல, ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்தது மாதிரி நினைக்கிறோம். விதையிலிருந்து வந்த சி×ஆர் தோட்டம் அப்படி இருக்காது. அது ஒரு குடும்பத்தின் கல்யாணக் கூட்டம் மாதிரி; முகச்சாயல் எல்லோரிடமும் இருக்கும், உயரமும் நிறமும் குணமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு செடி கொத்துக்கொத்தாகக் காய்க்கும். அடுத்தது இலையாகவே நிற்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரடெனியாவின் மகரந்தம் வந்து விழுந்த பழத்தை விதைக்கு எடுத்தால், அடுத்த தலைமுறையில் காங்கென்சிஸின் பங்கு இன்னும் கரையும். தன் தோட்டத்துச் செழித்த செடியிலிருந்து விதை எடுத்து நாற்று விட்டு, அதையும் சி×ஆர் என்றே விற்பவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த நாற்றை வாங்குபவர் எதை நடுகிறார் என்பது காய்த்த பிறகுதான் தெரியும்.

வழி இருக்கிறது. நேராக மேல்நோக்கிப் போகும் தண்டிலிருந்து ஒரு கணு வைத்து வெட்டி வேர்பிடிக்க வைத்தால், அல்லது பழைய வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டினால், தாய்ச்செடி அப்படியே கிடைக்கும். இதில் பக்கவாட்டுக் கிளையை எடுத்துவிடக் கூடாது. அதிலிருந்து வரும் செடி நிமிராமல் தரையோடு படரும், காப்பியின் விசித்திரங்களில் ஒன்று இது. மேலும் ஒரே தாயின் குச்சிகளால் தோட்டத்தை நிரப்பிவிடக் கூடாது. எல்லாவற்றின் அடையாள ஜீனும் ஒன்றே என்பதால் தோட்டம் முழுக்கப் பூக்கும், காய் பிடிக்காது. அடையாளம் ஒன்றாக இல்லாத தாய்களிலிருந்து எடுத்தவற்றைக் கலந்து நட வேண்டும். எல்லாம் ஒரே வாரத்தில் பூக்கக்கூடியவையாகவும் இருக்க வேண்டும். விதைப் பண்ணைகளிலும் இதே கணக்குதான்.

நாற்று வேலை எல்லாக் காப்பிக்கும் பொதுவானது. டிசம்பர், ஜனவரியில் விதைத்து, விதைத் தோலைத் தலையில் சுமந்தபடி எழும் முளைகளைப் பாலித்தீன் பைக்கு மாற்றி, மழைக்காலத்தில் ஒன்றரை அடிக் குழியில் நடுவார்கள். கடல்மட்டத்திலிருந்து 500 முதல் 1,000 மீட்டர் வரை ரொபஸ்டாவுக்கு ஏற்றது. இந்தியாவில் ரொபஸ்டாவுக்கும் மர நிழல் உண்டு. பலா, சில்வர் ஓக், கல்யாண முருங்கை, அவற்றின் மேல் மிளகுக் கொடி. வெயிலில் விட்டு உரம் கொட்டி வளர்க்கும் நாடுகளில் விளைச்சல் கூடுதல்தான். பழம் மெதுவாகப் பழுப்பதன் நன்மை நிழலில்தான் கிடைக்கிறது.

ஆண்டு முழுவதும் செய்த வேலையின் பலனை முடிவு செய்வது பிப்ரவரி, மார்ச்சில் பெய்யும் ஒரு மழை. ரொபஸ்டாவின் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில் பரவிக் கிடப்பது. வறட்சியில் வாடிய செடியின் கணுக்களில் மொட்டுகள் ஈட்டிமுனை போல நீண்டு, அதற்கு மேல் நகராமல் உறங்கும். பூமழை விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே நாளில் வெளுக்கும். மழை போதவில்லை என்றால் மொட்டு பாதி விரிந்து கருகும். பூத்தபின் இரண்டு, மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வராவிட்டால் பிடித்த பிஞ்சும் உதிரும். பூ விரிந்த காலையிலேயே மழை கொட்டினாலும் மகரந்தம் போய்விடும். இத்தனை நிபந்தனைகளையும் வானம் ஒழுங்காக நிறைவேற்றுவது குறைந்துகொண்டே வருவதால், வசதியுள்ளவர்கள் ஸ்பிரிங்ளர் வைத்து ஒன்று முதல் ஒன்றரை அங்குல மழையைத் தாங்களே பெய்விக்கிறார்கள்.

இதில் ஒரு சுவையான விளைவு இருக்கிறது. இயற்கை மழையில் ஊரே ஒரே நாளில் பூக்கும். இருக்கும் தேனீக்கள் அத்தனை பூவுக்கும் போதாது. ஒவ்வொருவர் ஒவ்வொரு நாளில் நீர்விட்டால் தோட்டங்கள் முறைவைத்துப் பூக்கின்றன. காட்டு மரங்களில் கூடு கட்டியிருக்கும் மலைத்தேனீக்கள் பூத்த தோட்டத்தைத் தேடி வருகின்றன. அரபிகாவுக்கு இதெல்லாம் இருந்தால் நல்லது என்ற அளவுதான். பிற செடியின் மகரந்தம் வந்தே ஆக வேண்டிய ரொபஸ்டாவுக்குக் காற்றும் தேனீயும் உயிர்நாடி. ஆலமும் பலாவும் நிற்கும் காட்டுத் துண்டுகளை வெட்டி வெளியாக்கியவர்கள் தேனீயின் வீட்டையும் வெட்டினார்கள்.

கவாத்து பற்றி ஒன்று மட்டும். ரொபஸ்டாவில் ஒரு கணு ஒருமுறை காய்த்தால் மறுபடி அங்கே பூக்காது. அடுத்த ஆண்டின் காய் இந்த ஆண்டு வளரும் புதுக் கிளையில்தான். காய்த்து ஓய்ந்த கிளைகளை எடுப்பதும், அடியிலிருந்து நெட்டுக்குத்தாகக் கிளம்பும் சக்கர்களை ஒடிப்பதும் இதற்காகவே. நெருக்கமாக நட்ட சி×ஆர் தோட்டத்தில் இதைத் தள்ளிப்போட்டால் நான்காவது, ஐந்தாவது ஆண்டிலேயே உள்ளே ஆள் நுழைய முடியாது.

அரபிகாவை உள்ளிருந்து அழிக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் ரொபஸ்டாவிடம் வாலாட்டுவதில்லை. காய்த்துளைப்பான் அப்படியில்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, கடுகளவுகூட இல்லாத இந்தக் கறுப்பு வண்டு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1990-ல், நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில். அங்கிருந்து வயநாட்டுக்கும் குடகுக்கும் போனது. பெண் வண்டு பழத்தின் தொப்புள் வழியாகத் துளைத்துக் கொட்டைக்குள் முட்டையிடும். புழுக்கள் உள்ளேயே தின்று வளரும். மற்றப் பூச்சிகள் பலவற்றை விரட்டும் காஃபீன் இதை ஏன் ஒன்றும் செய்வதில்லை என்பதற்கு 2015-ல் வந்த ஓர் ஆய்வு விடை தந்தது. வண்டின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் காஃபீனைச் சிதைத்துவிடுகின்றன. செடியின் ஆயுதத்தை முறிக்கத் துணைப்படை வைத்திருக்கிறது. அறுவடைக்குப் பின் செடியில் ஒரு பழம், தரையில் ஒரு பழம் விடாமல் பொறுக்கிவிடுவதே இதற்கு நல்ல மருந்து. கூலி கொடுத்து மாளாது என்பதே அதில் உள்ள சிக்கல்.

வெப்பத்தைத் தாங்கும் என்பது ரொபஸ்டாவைப் பற்றி எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. வியட்நாம், இந்தோனேசியத் தோட்டங்களின் விளைச்சலை அலசி 2020-ல் வெளியான ஆய்வு அதையும் அசைத்தது. சராசரி வெப்பம் சுமார் 20.5 டிகிரியைத் தாண்டியபின் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் விளைச்சல் ஏறத்தாழ 14 சதவீதம் சரிவதாக அது கணித்தது. மர நிழலைக் கழிக்கத் துடிப்பவர்கள் படிக்க வேண்டிய கணக்கு.

பழம் முற்றப் பத்து, பதினோரு மாதம் ஆகும். பழுத்தபின் உதிராமல் கிளையிலேயே நிற்பது ரொபஸ்டாவின் வசதி. அதுவே அதன் கேடும். எல்லாம் பழுக்கட்டும் என்று காத்திருந்து, பச்சை, பழம், வற்றல் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் உருவிச் சாக்கில் போடுகிறார்கள். பச்சைக்காய் துவர்ப்பைத் தரும். அளவுமீறிப் பழுத்தது புளித்த வாடையைத் தரும். பிறகு அதை வெறும் மண்தரையில் தடிமனாகக் கொட்டி, தோலோடு காயப்போட்டால் மண்வாடையும் பூசணமும் சேரும். ரொபஸ்டாவின் பிறவிக் குணம் என்று நாம் திட்டுவதில் கணிசமான பங்கு களத்தில் ஏறியது என்பது என் கணிப்பு. இதே கவனக்குறைவோடு அரபிகாவைக் காயவைத்தாலும் வாயில் வைக்க முடியாது.

தோலோடு காய்ந்தது 'செர்ரி'. பழத்தைப் பல்ப்பரில் விட்டுத் தோலை நீக்கி, வழவழப்பைக் கழுவிக் காயவைத்தால் 'பார்ச்மென்ட்'. ரொபஸ்டாவின் வழவழப்பு பிடிவாதமானது. அரபிகாவில் 24 முதல் 36 மணி நேரத்தில் புளித்துக் கழன்றுவிடுவது, இதில் 72 மணி வரை இழுக்கும். அத்தனை நேரம் தொட்டியில் விட்டால் வேறு வாடைகள் ஏறும் அபாயம் உண்டு. அதனால் பலர் இயந்திரத்தால் தேய்த்துக் கழுவுகிறார்கள். பிறகு சுத்தமான களத்தில் மெல்லப் பரப்பி, அடிக்கடி கிளறி, ஈரம் 10 சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்க வேண்டும். நன்கு பழுத்த சி×ஆர் பழத்தை இப்படிச் செய்தால் கிடைப்பதை முதன்முறை குடிப்பவர் ரொபஸ்டா என்று சொல்லமாட்டார். கொக்கோவும் வறுத்த பருப்பும் கலந்த மணம், நாக்கில் கனம், கசப்பு உண்டு, ஆனால் குத்தாது.

இப்படிப்பட்ட ரொபஸ்டாவை மதிப்பிட அரபிகாவின் அளவுகோல் ஒத்துவரவில்லை. அரபிகாவில் புளிப்பின் துல்லியத்துக்கு மதிப்பெண். ரொபஸ்டாவில் புளிப்பே தணிவு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உகாண்டா காப்பி வளர்ச்சி ஆணையமும் அமெரிக்காவின் காப்பித் தர நிறுவனமும் சேர்ந்து ரொபஸ்டாவுக்கென்று தனிப் படிவம் உருவாக்கின. அதில் புளிப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று ஒரு கட்டம். கசப்பு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு என்று இன்னொரு கட்டம். பொட்டாசியம் மிகுந்தால் காப்பி லேசாக உப்புக்கரிக்கும். அது குறைந்து இனிப்பு கசப்பை எட்டிப்பிடித்தால் மதிப்பெண் ஏறும். 100-க்கு 80 தாண்டினால் 'ஃபைன் ரொபஸ்டா'. இந்தியக் காப்பி வாரியம் பார்ச்மென்ட் ஏபி தரத்திலிருந்து தேர்ந்தெடுத்ததை அதற்கு முன்பிருந்தே 'காப்பி ராயல்' என்ற பெயரில் உயர்தர ரொபஸ்டாவாக விற்க ஊக்குவித்து வருகிறது.

2024-ல் லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. விவசாயிக்குக் கை நிறைந்த ஆண்டு. தரத்துக்கு அது நல்ல ஆண்டா என்பது வேறு கேள்வி. உருவிப் போட்ட செர்ரிக்கே நல்ல விலை வரும்போது, பழுத்ததை மட்டும் நான்குமுறை போய்ப் பறிக்க ஆள் விடவும், தண்ணீர் செலவழித்துக் கழுவவும் யாருக்குத் தோன்றும்? சி×ஆரைப் பலர் நடுவது நெருக்கமாக நடலாம், கொட்டை பருமனாகக் கிடைக்கும் என்பதற்காக. அதன் சுவைக்கென்று தனி விலை கொடுத்து வாங்கும் கைகள் இன்னும் குறைவு. ஆகவே அந்தப் பழம் பெரும்பாலும் பெரடெனியாவோடும் எஸ்.274-ஓடும் ஒரே களத்தில் காய்ந்து, ஒரே சாக்கில் ஏறி, இத்தாலியின் எஸ்பிரெசோ கலவைக்கோ இன்ஸ்டன்ட் ஆலைக்கோ போய்ச் சேருகிறது.